வணிக மென்பொருள் நடைமுறைப்படுத்தல் திட்டம்

வணிக மென்பொருள் நடைமுறைப்படுத்தல் என்பது ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கூலி, கணக்கு முதலிய வேலைகளைக் காகிதப் பதிவேடுகளிலிருந்தோ பழைய மென்பொருளிலிருந்தோ புதிய மென்பொருளுக்கு மாற்றி, அன்றாட வேலை முழுவதும் அதிலேயே நடக்கும்படி செய்வதாகும். மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது நிறுவுதல் எனப்படும். அது பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். நடைமுறைப்படுத்தலுக்குப் பல வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகும். பெரிய நிறுவனங்களில் ஆண்டுக்கணக்கிலும் நீளும்.

இவ்வேலையின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மென்பொருள் வாங்குவதற்கு முன்னும் பயன்பாட்டுக்கு வரும் நாளுக்கு முன்னும் எடுக்கப்படும் முடிவுகளே. எந்த வேலையை முதலில் மாற்றுவது, பழைய கணக்கில் எதைக் கொண்டுவருவது, எந்த நாளில் தொடங்குவது, பழைய முறையை எப்போது நிறுத்துவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இக்கட்டுரை நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் வட்டாரத் தொழில்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

மென்பொருள் வகைகள்

இந்தியச் சிறு, நடுத்தர நிறுவனங்களில் பயன்படும் வணிக மென்பொருள்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது கணக்கு மென்பொருள். பேரேடு, ரசீது, ஜிஎஸ்டி கணக்கு, இருப்பு ஆகியவற்றைக் கவனிப்பது இதன் வேலை. 1986 இல் பெங்களூருவில் தோன்றிய டேலி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது.

இரண்டாவது, ஒரே தொழிலுக்கென எழுதப்படும் மென்பொருள். எடைமேடை, கோழிப்பண்ணை, லாரி டிரிப் கணக்கு ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் இதில் அடங்கும்.

மூன்றாவது நிறுவன வளத் திட்டமிடல் மென்பொருள். ஈஆர்பி என்று அழைக்கப்படும் இது, எல்லாத் துறைகளின் தரவையும் ஒரே தரவுத்தளத்தில் வைக்கிறது. 1990 இல் கார்ட்னர் நிறுவனம் இப்பெயரைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் எஸ்ஏபி, அமெரிக்காவின் ஆரக்கிள் ஆகியவை பெருநிறுவனங்களுக்கும், இந்தியாவில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட், பெல்ஜியத்தின் ஓடூ போன்றவை சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் பயன்படுகின்றன.

மூன்றாம் வகையில் ஓர் இடத்தில் பதிவாகும் எண் பல இடங்களுக்குச் செல்கிறது. எடைமேடையில் தவறாகப் பதியும் ஓர் எடை, இருப்பிலும் உழவருக்குச் செல்லும் பணத்திலும் ஆண்டிறுதிக் கணக்கிலும் தவறாகும். எனவே இவ்வகைக்குத் திட்டமிடல் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

புதுச்சத்திரம் வட்டாரத் தொழில்களின் கணக்கு முறை

புதுச்சத்திரம், சேலத்தையும் நாமக்கல்லையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 ஐ ஒட்டி அமைந்த ஊராகும். நாமக்கல் மாவட்ட ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடமும் ஆகும். மரவள்ளிச் சாகுபடி, ஜவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, லாரித் தொழில் ஆகியவை இச்சமவெளியின் முக்கியத் தொழில்கள். இவை ஒவ்வொன்றுக்கும் பொதுவான மென்பொருளில் எளிதில் அடங்காத கணக்கு வழக்கம் உண்டு.

ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கை எடைக்கு மட்டும் விலை வைத்து வாங்குவதில்லை. மாதிரிக் கிழங்கைச் சோதித்து, அதிலுள்ள மாவுச்சத்தின் அளவைப் 'பாயிண்ட்' கணக்கில் குறித்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று டன்னுக்கான விலையைக் கணக்கிடுகின்றன. ஜவ்வரிசி 90 கிலோ மூட்டைக் கணக்கில் விற்கப்படுகிறது. இதன் விற்பனைக்காக 1981 இல் தொடங்கப்பட்ட 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இயங்குகிறது. அங்கே சரக்கு அனுப்பும் நாளும் விலை முடிவாகும் நாளும் வேறு. ஆகவே 'அனுப்பியது, இன்னும் விற்காதது' என்றொரு இருப்பை ஆலையின் மென்பொருள் காட்ட வேண்டியுள்ளது.

முட்டைக்கு, 1982 இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டல விலை அறிவிக்கப்படுகிறது. வியாபாரிகள் அந்த விலையிலிருந்து சில காசுகளைக் கழித்து வாங்குவது 'மைனஸ்' எனப்படும். அறிவிப்பு விலை, மைனஸ், கைக்கு வந்த விலை ஆகிய மூன்றையும் தனித்தனியே பதியாவிட்டால், வருமானம் குறைந்தது சந்தை விலையாலா கழிவாலா என்று பண்ணையாளர் அறிய முடியாது. முட்டைக்கோழிகளின் ஒரு தொகுதி, குஞ்சாக வருவது முதல் கழிக்கப்படுவது வரை ஓர் ஆண்டுக்கு மேல் பண்ணையில் இருக்கிறது. எனவே மார்ச் 31 இல் முடியும் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. தொகுதிவாரியாகத் தீவனம், மருந்து, இறப்பு, முட்டை ஆகியவற்றைத் தொடர்ந்து காட்டும் கணக்கும் வேண்டும்.

லாரித் தொழிலில் கணக்கின் அலகு டிரிப் ஆகும். ஓட்டுநரிடம் கொடுத்த முன்பணம், டீசல், சுங்கக் கட்டணம், படி, வாடகை, பாக்கி ஆகியவை வண்டி திரும்பிய பிறகே ஒன்றாகச் சேர்கின்றன.

நோக்கத்தை வரையறுத்தல்

திட்டமிடலின் முதல் படி, எந்தச் சிக்கலைத் தீர்க்க மென்பொருள் தேவைப்படுகிறது என்பதை எழுத்தில் வைப்பதாகும். 'எல்லாவற்றையும் கணினிமயமாக்க வேண்டும்' என்பதை அளந்து பார்க்க முடியாது. 'கிழங்கு இறக்கிய அன்றே உழவருக்குக் கணக்குச் சீட்டு கிடைக்க வேண்டும்', 'ஒரு கோழித் தொகுதியின் ஒரு முட்டைக்கான தீவனச் செலவு வாரந்தோறும் தெரிய வேண்டும்' என்பவை அளக்கக்கூடிய நோக்கங்கள்.

இப்போதைய நிலையையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கணக்குச் சீட்டு கொடுக்க இன்று மூன்று நாள் ஆகிறது என்று முன்பே பதிவாகியிருந்தால்தான், ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் உண்டா என்று சொல்ல முடியும். ஒரே நேரத்தில் இரண்டு அல்லது மூன்று நோக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதிருப்பது சிறு நிறுவனங்களுக்கு ஏற்றது.

வேலை முறையைப் பதிவு செய்தல்

அடுத்த படி, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதைப் பின்தொடர்ந்து எழுதுவதாகும். உரிமையாளர் அறையில் இருந்தபடி கேட்டு எழுதும் முறையும் களத்தில் நடக்கும் முறையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் எடைச்சீட்டை எடுத்துக்கொண்டு, அது கடைசியில் பேரேட்டில் ஏறும் வரை கூடவே செல்வது எளிய வழி.

ஆலையில் அச்சீட்டு செல்லும் பாதை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும். வண்டி லோடுடன் எடைமேடை ஏறுகிறது. மாதிரி எடுத்துப் பாயிண்ட் பார்க்கப்படுகிறது. கிழங்கு இறக்கப்படுகிறது. காலி வண்டி மறுபடி எடை போடப்படுகிறது. மண், தூர் முதலியவற்றுக்குக் கழிவு போடப்படுகிறது. முன்பே கொடுத்த முன்பணம் கழிக்கப்படுகிறது. மீதித் தொகை உழவருக்கோ இடைத்தரகருக்கோ தரப்படுகிறது.

ஒவ்வொரு படியிலும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: யார் பதிகிறார், எதில் பதிகிறார், தவறு நேர்ந்தால் யார் திருத்தலாம், மின்சாரமோ இணையமோ இல்லாதபோது என்ன செய்வது. கழிவை யார் எந்த அடிப்படையில் முடிவு செய்கிறார் என்பது போன்ற, வாய்மொழியாக மட்டும் இருக்கும் விதிகள் இக்கட்டத்தில்தான் வெளிவரும். இவை வெளிவராமல் மென்பொருள் வாங்கினால், அவை பயன்பாட்டின் முதல் வாரத்தில் தகராறாக வெளிவரும்.

எதை மாற்றுவது, எதை விடுவது

நிறுவனத்தின் வழக்கத்துக்கு ஏற்ப மென்பொருளை மாற்றுவதா, மென்பொருளின் முறைக்கு ஏற்ப வழக்கத்தை மாற்றுவதா என்பது எல்லா நடைமுறைப்படுத்தலிலும் எழும் கேள்வி. ஜெர்மனியின் லிடில் சில்லறை விற்பனை நிறுவனம் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அது 2011 இல் எஸ்ஏபி அடிப்படையிலான அமைப்பொன்றை உருவாக்கத் தொடங்கியது. அந்நிறுவனம் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது. மென்பொருளின் இயல்பான முறையோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை மாற்றாமல் மென்பொருளை மாற்ற முனைந்ததால் வேலை சிக்கலானது. ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பின் 2018 இல் திட்டம் கைவிடப்பட்டதாக ஊடகங்கள் தெரிவித்தன.

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று பயன்படும். வாங்குபவர், விற்பவர், சட்டம் ஆகியவற்றோடு தொடர்புள்ள வழக்கத்தை மென்பொருள் ஏற்க வேண்டும். பாயிண்ட் விலையும் மைனஸும் இத்தகையவை; ஒரு தனி ஆலையோ பண்ணையோ இவற்றை மாற்ற முடியாது. நிறுவனத்துக்குள் மட்டும் இருக்கும் வழக்கம், எடுத்துக்காட்டாக ஒரே செலவை மூன்று நோட்டில் எழுதுவது, மென்பொருளுக்கு ஏற்ப மாறலாம்.

தேர்வும் ஒப்பந்தமும்

விற்பனையாளர் தம் மாதிரித் தரவைக் கொண்டு காட்டும் செய்முறையில் எல்லா மென்பொருளும் சரியாகவே இயங்கும். நிறுவனத்தின் சொந்தச் சீட்டுகளில் சிக்கலான இருபதைக் கொடுத்து, அவற்றைப் பதிந்து காட்டச் சொல்வது பயனுள்ள சோதனை. திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு, இரண்டு பேர் பெயரில் பிரித்துத் தர வேண்டிய பணம், முன்பணம் மிஞ்சிய கணக்கு ஆகியவை அவற்றில் இருக்க வேண்டும்.

சட்டத் தேவைகளையும் இப்போதே சரிபார்க்க வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்களுக்கு, பிற நிறுவனங்களுக்கான வரிக்குரிய விற்பனையில் மின்-விலைப்பட்டியல் 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயம். நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதியும் வசதியை 2023 ஏப்ரல் 1 முதல் கொண்டிருக்க வேண்டும். அவ்வசதியை நிறுத்தி வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். ஓட்டுடன் கூடிய புதிய முட்டைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆகவே முட்டை மட்டும் விற்கும் பண்ணை, மென்பொருளுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெற முடியாது. அதையும் செலவாகவே கணக்கிட வேண்டும்.

ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டியவற்றுள் முக்கியமானவை:

- தரவு யாருக்கு உரியது. ஒப்பந்தம் முடிந்தால் அது எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தரப்படும்
- ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் அது உயரும் விதமும்
- பழுது நேர்ந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவார் அல்லது தொலைவிலிருந்து சரிசெய்வார்
- கூடுதல் மாற்றங்களுக்கான கட்டணம்
- தவணைகள், கடைசித் தவணை, ஒரு மாதக் கணக்கு சரியாக முடிந்த பிறகே தரப்படும் என்ற விதி

பழைய தரவைக் கொண்டுவருதல்

காலம் அதிகம் பிடிப்பதும் மிகக் குறைவாக மதிப்பிடப்படுவதும் இவ்வேலையே. உழவர் பெயர்ப் பட்டியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையவர்கள் பலர் இருப்பார்கள். நோட்டில் ஒருவர் பெயர் ஓரிடத்தில் ஊர்ப் பெயருடனும், வேறிடத்தில் தோட்டத்தின் பெயருடனும், இன்னோரிடத்தில் பட்டப் பெயருடனும் இருக்கும். எழுதுபவருக்கு அவர்கள் யாரென்று தெரியும். மென்பொருளுக்கு மூவராகத் தோன்றும். அவ்வாறு ஏற்றினால், ஒருவரின் முன்பணம் ஒரு கணக்கிலும் அவருக்குச் சேர வேண்டிய பணம் வேறொரு கணக்கிலும் நிற்கும். ஆகவே பட்டியலைச் சுத்தம் செய்து, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, கைப்பேசி எண்ணுடன் சரிபார்த்த பின்பே ஏற்ற வேண்டும்.

பழைய நோட்டுகள் முழுவதையும் ஏற்ற வேண்டியதில்லை. தொடக்க நாளில் உள்ள பாக்கிகள், முன்பணங்கள், சரக்கிருப்பு ஆகியவை தொடக்க இருப்பாகப் போதும். ஒவ்வொரு பாக்கியையும் உரியவரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது பின்னாளில் எழும் வழக்குகளைத் தவிர்க்கும். காகிதப் பதிவேடுகளை அழிக்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை, உரிய ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும்.

அரசின் பெருந்திட்டங்களிலும் இவ்வேலைக்குத் தனி இடம் உண்டு. நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 சூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு 2,516 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட அத்திட்டத்தில் பொது மென்பொருள், கணினிக் கருவிகள் ஆகியவற்றுடன், பழைய பதிவேடுகளை எண்ணிமமாக்குதல், பயிற்சி, பராமரிப்பு ஆகியவையும் கூறுகளாகச் சேர்க்கப்பட்டன. மென்பொருள் வட்டார மொழிகளில் அமையும் என்றும் அறிவிக்கப்பட்டது.

தொடக்க நாளைத் தேர்ந்தெடுத்தல்

வேலை மிகுந்த பருவத்தில் புதிய மென்பொருளுக்கு மாறுவது ஆபத்தானது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் ஏறத்தாழ 11.2 கோடி டாலர் செலவிலான அமைப்பை 1999 சூலையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 48 மாதங்கள் தேவைப்படும் என்று கூறப்பட்ட வேலை 30 மாதங்களுக்குச் சுருக்கப்பட்டிருந்தது. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவிந்த நேரமும் அதுவே. கிடங்கில் சரக்கு இருந்தும், ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அந்நிறுவனத்தால் உரிய காலத்தில் அனுப்ப முடியவில்லை.

ஜவ்வரிசி ஆலைக்கு அரவை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் இத்தகையவை. வரிசையில் வண்டிகள் நிற்கும்போது எடைமேடையில் மென்பொருள் நின்றால், அறுத்த கிழங்கு காத்திருக்காது; நாளாக நாளாக அதன் தரம் குறையும். அரவை ஓய்ந்திருக்கும் காலத்தில் தொடங்குவது ஆலைக்குப் பொருந்தும். ஏப்ரல் 1 கணக்கு எளிமைக்காக விரும்பப்படும் நாள். எனினும் அது தொழிலின் ஓய்வுக் காலத்தோடு ஒத்துவராவிட்டால் ஒரு மாதத்தின் முதல் நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவதா, படிப்படியாக மாற்றுவதா என்பது அடுத்த முடிவு. நாமக்கல் லாரித் தொழில் நேரடியாகக் கண்ட சரக்குப் போக்குவரத்து மின்-வழிச்சீட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஈ-வே பில் எனப்படும் இது, 2018 பிப்ரவரி 1 அன்று நாடு முழுவதும் கட்டாயமானது. அன்றே இணையதளம் முடங்கியதால் அந்நாளே நடைமுறை தள்ளிவைக்கப்பட்டது. பின்னர் 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்துக்கு மட்டும் கட்டாயமாக்கப்பட்டது. மாநிலங்களுக்குள்ளான போக்குவரத்துக்குச் சில சில மாநிலங்களாக விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்குள் அது 2018 சூன் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறு நிறுவனத்திலும் இதே முறை பொருந்தும்: முதலில் எடைமேடை, அடுத்து உழவர் கணக்கு, பின்னர் இருப்பும் விற்பனையும், கடைசியாகக் கூலி என்று பிரித்துக்கொள்ளலாம்.

இணை ஓட்டம்

பழைய நோட்டும் புதிய மென்பொருளும் சில வாரங்கள் ஒரே நேரத்தில் நடப்பது இணை ஓட்டம் எனப்படும். இதனால் வேலை இரட்டிப்பாகும். ஆனால் கணக்கு முறையில் மறைந்துள்ள வேறுபாடுகள் இதில்தான் வெளிப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு லோடு கிழங்கின் நிகர எடை 9,400 கிலோ, கழிவு 3%, பாயிண்ட் 26, ஒரு பாயிண்டுக்கு விலை 300 ரூபாய் என்று கொள்ளலாம். டன் விலை 7,800 ரூபாய். கழிவு போக எடை 9,118 கிலோ. மென்பொருள் 71,120.40 ரூபாய் என்று காட்டும். கணக்கர் வழக்கப்படி எடையைப் பத்துக் கிலோவுக்கு முழுமையாக்கி 9,120 கிலோ என்று எழுதினால் 71,136 ரூபாய் வரும். வேறுபாடு 15.60 ரூபாய். ஒரு நாளில் 40 லோடுகளிலும் இதே வேறுபாடு வந்தால் 624 ரூபாய் ஆகும். எந்தக் கணக்கு சரி என்பதை உரிமையாளர் முடிவு செய்து எழுத்தில் வைத்து, உழவர்களுக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மாற்றினால், கம்ப்யூட்டர் வந்த பிறகு எடை குறைகிறது என்ற பேச்சு எழும். உழவர்கள் வேறு ஆலைக்குக் கிழங்கைக் கொண்டுசெல்வார்கள்.

இணை ஓட்டத்துக்கு முடிவு நாளும் முடிவு விதியும் முன்பே குறிக்கப்பட வேண்டும். 'தொடர்ந்து 14 நாட்கள் இரண்டு கணக்கும் ஒத்துவந்தால் நோட்டு நிறுத்தப்படும்' என்பது போன்ற விதி போதுமானது. விதி இல்லாவிட்டால் நோட்டே உண்மைக் கணக்காகத் தொடர்ந்து, மென்பொருள் தணிக்கையாளருக்காக மட்டும் பதியப்படும் இரண்டாம் கணக்காக நின்றுவிடும். சிறு நிறுவனங்களில் நடைமுறைப்படுத்தல் தோற்கும்போது பெரும்பாலும் இந்த வடிவத்தையே அடைகிறது.

பணியாளர்களும் பயிற்சியும்

நீண்ட காலம் கணக்கு எழுதி வந்தவருக்குப் புதிய மென்பொருள் தம் வேலையைப் பறிக்கும் கருவியாகத் தோன்றலாம். அவரிடமுள்ள வாய்மொழி விதிகள் இல்லாமல் மென்பொருளை அமைக்கவும் முடியாது. எனவே அவருடைய வேலை என்ன ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அவரைத் திட்டக் குழுவில் சேர்ப்பது நல்லது. பதிபவர் என்ற இடத்திலிருந்து சரிபார்ப்பவர் என்ற இடத்துக்கு அவரை மாற்றுவது பல இடங்களில் பொருத்தமாக இருக்கும்.

பயிற்சி அவரவர் செய்யும் வேலைக்கு மட்டும் அமைய வேண்டும். எடைமேடைப் பணியாளருக்கு மூன்று திரைகள் தெரிந்தால் போதும். திரையும் அச்சுச் சீட்டும் தமிழில் இருப்பது அவசியம். குறிப்பாக, உழவர் கையில் கிடைக்கும் சீட்டில் லோடு எடை, காலி எடை, கழிவு, பாயிண்ட், விலை, முன்பணக் கழிப்பு ஆகியவை தனித்தனி வரிகளில் தமிழில் இருந்தால் அவரே சரிபார்த்துக்கொள்ள முடியும். இரவுப் பணியில் இருப்பவர்களுக்குத் தனியே பயிற்சி தர வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இருவர் பழகியிருப்பது, ஒருவர் விடுப்பில் செல்லும்போது உதவும்.

ஒரே கடவுச்சொல்லை எல்லாரும் பயன்படுத்தும் வழக்கத்தைத் தொடக்க நாளிலேயே நிறுத்த வேண்டும். விலையை மாற்றும் உரிமையும் எடையைப் பதியும் உரிமையும் வெவ்வேறு ஆட்களிடம் இருக்க வேண்டும்.

செலவு

மென்பொருளின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. கணினி, அச்சுப்பொறி, மின்தடைக்கான யுபிஎஸ், இணைய இணைப்பு, எடைமேடையுடன் இணைக்கும் கருவி, பழைய தரவைப் பதியும் கூலி, பயிற்சி நாட்களில் இழக்கும் வேலை நேரம், இணை ஓட்டக் காலத்தின் கூடுதல் வேலை, ஆண்டுப் பராமரிப்பு ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து ஆண்டுச் செலவாகக் கணக்கிட வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளுக்கும் இச்செலவுகள் பொருந்தும்.

தொடக்கத்துக்குப் பின்

முதல் மாதத்தில் நாள்தோறும் மாலையில் அன்றைய பதிவுகளை மூன்று இடங்களில் ஒப்பிட வேண்டும்: எடைச்சீட்டுகளின் எண்ணிக்கை, கைரொக்கம், சரக்கிருப்பு. பிழைகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் யார் எப்போது சரிசெய்தார் என்று குறிக்க வேண்டும். தரவின் நகல் நாள்தோறும் எடுக்கப்பட்டு, ஒரு நகலாவது ஆலைக்கு வெளியே இருக்க வேண்டும். நகலிலிருந்து தரவை மீட்டெடுக்க முடிகிறதா என்பதை மாதம் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

மூன்று அல்லது ஆறு மாதங்களுக்குப் பின், முதலில் எழுதி வைத்த நோக்கங்களை மீண்டும் அளக்க வேண்டும். கணக்குச் சீட்டு அன்றே கிடைக்கிறதா, தொகுதிவாரித் தீவனச் செலவு வாரந்தோறும் தெரிகிறதா என்பவற்றுக்கு ஆம் என்ற விடை வந்த பிறகே அடுத்த துறையைச் சேர்க்க வேண்டும். இல்லை என்ற விடை வந்தால், மென்பொருளை மாற்றும் முன், குறை பழைய தரவிலா, பதியும் முறையிலா, பயிற்சியிலா என்று ஆராய வேண்டும்.